‘ஆதனின் பொம்மை’: கீழடியைக் கதையாக்கிய சிறுவர் நாவல்

சின்ன வயதில் தெங் தெங் ஆடியிருப்பீர்கள். தரையில் கட்டம் போட்டு, சில்லை வீசி, நொண்டியடித்துத் தாண்டுவோமே, அதேதான். தமிழ்நாட்டில் இதற்குப் பாண்டி என்று பெயர். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழடி அகழாய்விலும் வட்டமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள் நிறையக் கிடைத்தன. பிள்ளைகள் விளையாடியவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ அந்த ஊருக்குத்தான் உங்களைக் கூட்டிப் போகிறது.

என்ன விருது?

இந்தியாவின் சாகித்திய அகாதமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனியாக ‘பால சாகித்திய புரஸ்கார்’ விருது வழங்குகிறது. 2023-இல் தமிழுக்கான விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது. பரிசு 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். மலையாளச் சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

கதை என்ன?

விடுமுறைக்குக் கீழடி போகும் இந்தக் காலத்துப் பையன், அங்கே பழங்காலத்துச் சிறுவன் ஆதனைச் சந்திக்கிறான். அவனோடு சேர்ந்து அந்தக் காலத்தையும் பார்க்கிறான். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. படித்துப் பாருங்கள்.

எது வரலாறு, எது கற்பனை?

காலம் தாண்டிப் போவது கற்பனை. ஆனால், ‘ஆதன்’ என்ற பெயர் கற்பனை இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பெயர் அது.

அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம், கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580 என வந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. ‘2,600 ஆண்டு’ என்று நாம் கேள்விப்படுவது இதை வைத்துத்தான். ஆனால், விவாதம் இன்னும் ஓயவில்லை. முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையைத் திருத்தித் தரும்படி 2025-இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். அதனால் நாவலை நாவலாகப் படியுங்கள். ஆண்டுக் கணக்குக்கு ஆய்வறிக்கையைப் பாருங்கள்.

மலேசியாவில் இருக்கும் நமக்கு என்ன?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வளரும் பிள்ளைக்குக் கீழடி தூரம்தான். ஆனால், கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறதே! 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் அந்த வட்டாரம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அங்கே 11-ஆம் எண் கொண்ட பழஞ்சண்டி 2013-இல் நிலமேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. செய்தி வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிந்தது.

கதையில் பார்த்துப் பழகிய இடம் என்றால், அது இடிபடும்போது மனசு கேட்காது. கீழடிக்கு ஓர் ஆதன் கிடைத்துவிட்டான். பூஜாங்கிற்கு ஒரு பிள்ளையை யார் எழுதப் போகிறார்கள்? அது நீங்களாகவும் இருக்கலாம். அடுத்த விடுமுறையில் மெர்போக் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.