மிச்சிகனில் பொதுப்பள்ளி வேரூன்றிய வரலாறு

தொல்குடியினரிடமிருந்து பெற்ற நிலத்தை விற்பதற்கு முன், அமெரிக்கப் பேரவை 1785-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நிலம் ஆறு மைல் சதுரமுள்ள ஊர்களாகவும், ஒவ்வோர் ஊரும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாகவும் வகுக்கப்பட்டது. பதினாறாம் கூறு பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது.

ஆயினும் அக்கூறு ஓரூரில் விளைநிலமாகவும் மற்றோரூரில் சதுப்பாகவும் அமைந்தது. மண்ணின் தரமா சிறுவரின் கல்வியை அறுதியிடுவது? ஐசக் கிரேரி, ஜான் பியர்ஸ் ஆகியோர் முயற்சியால் மிச்சிகன் இதற்கு வழி கண்டது. பள்ளி நிலங்கள் ஊர்களிடம் விடப்படாமல் மாநிலத்தின் பொறுப்பாயின. விற்ற பணம் என்றும் குறையா முதலாயிற்று. அதன் வட்டி பிள்ளைகளின் தொகைக்கேற்ப எல்லா ஊர்களுக்கும் பகிரப்பட்டது. 1836-இல் பியர்ஸ் முதற் கல்விக் கண்காணிப்பாளரானார். மறு ஆண்டு மிச்சிகன் ஒன்றியத்தில் மாநிலமாகச் சேர்ந்தது.

வட்டி மட்டும் போதவில்லை. எஞ்சிய செலவு பெற்றோர்மீது கட்டணமாக விழுந்தது. ஏழையர்க்கு அது பெருஞ்சுமை. 1869-இல் அக்கட்டணம் ஒழிந்து, வரி அதன் இடத்தைப் பெற்றது. உயர்நிலைப் பள்ளிக்கும் வரி தண்டலாம் என 1874-இல் கலமசூ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிலம் பள்ளிக்கு அடிகோலியது. மக்கள் தாமே ஏற்ற வரிதான் அதன் கதவை எல்லார்க்கும் திறந்தது.