கழுத்துல தொங்குற கூச்சம்

நம்ம சினிமா டாக்டரைக் கவனிச்சிருக்கீங்களா? கழுத்துல ஸ்டெதாஸ்கோப் தொங்கும். ஆனா நாடியைப் பிடிச்சே "நீங்க அப்பாவாகப் போறீங்க"ன்னு சொல்லிடுவார். (அந்த வித்தையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரலைங்க.)

அந்த ஸ்டெத் பிறந்ததே ஒரு கூச்சத்தாலதான். 1816, பாரிஸ், நெக்கர் மருத்துவமனை. அப்போதெல்லாம் இதயம் துடிப்பதைக் கேட்கணும்னா நோயாளியின் நெஞ்சில் நேராகக் காதை வைக்கணும். ரெனே லென்னக் முன்னால் வந்ததோ இதயநோய் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண். பருமனான உடம்பு, விரலால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. காதை வைக்க மனுஷனுக்குத் தயக்கம்.

ஒரு கட்டுக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டினார். ஒரு முனை நெஞ்சில், மறு முனை தன் காதில். நேராகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது!

பிறகு அது மரக்குழாய் ஆச்சு. ஒத்தைக் காதுக்கு மட்டும். ரெண்டு காது மாடல் எல்லாம் 1850களில்தான். உயிரோடு இருக்கும்போது கேட்ட சத்தத்தை, இறந்தபின் உடலைத் திறந்து பார்த்ததோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, 1819ல் புத்தகம் போட்டார். அதில் காசநோயும் உண்டு.

கடைசியில் அவருக்கே காசநோய். 1826ல் உறவினரான மெரியடெக் என்ற டாக்டரிடம் குழாயைக் கொடுத்து, தன் நெஞ்சைக் கேட்டு என்ன கேட்குதுன்னு சொல்லச் சொன்னார். அவர் சொன்ன சத்தமெல்லாம் லென்னக்கிற்கு நன்றாகப் பழக்கமானவை. மருந்து? ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல இருந்தது. அந்த ஆகஸ்டிலேயே போய்ச் சேர்ந்தார், 45 வயதில்.