மரக்கலம் பார்க்க ஒரு கரைவழிப் பயணம்

சங்கமம் முடிந்த பிறகு பழைய மாணவர்கள் எல்லோரும் ஒரு வேன் வைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலோரமாகவே போய் மரப்படகுகளைப் பார்த்து வரலாம் என்று செயற்குழுக் கூட்டத்தில் சொன்னேன். உடனே ஒரு நண்பர், "ஏங்க, கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையும் வச்சிருக்கிற ஊர்க்காரங்களுக்குக் கடல்ல என்னங்க வேலை?" என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு! கேள்வி நியாயமானதுதான். மலர்க்குழுவினரும் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். ஆகவே அவருக்கான பதிலையே கட்டுரையாக எழுதிவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். நம்ம ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போவது புதிதல்ல. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்ட தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்த யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை. தலைவர் சேலம், பாட்டு நாமக்கல், போய்ச் சேர்ந்த இடம் கடல்! திருச்சி தாண்டித் தஞ்சாவூர் வரை நம் வேன் போகப்போவதும் ஏறக்குறைய அவர்கள் நடந்த பாதைதான். அவர்கள் உப்புக்குப் போனார்கள், நாம் மரத்துக்குப் போகிறோம்.

படகு என்பதும் நமக்கு அந்நியமில்லை. காவிரிக் கரையில் பிறந்தவர்கள் பரிசல் ஏறாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள். மூங்கிலைப் பின்னிக் கூடையாக்கி, மேலே தோலைப் போர்த்திய காலம் ஒன்று. அப்புறம் தோல் போய் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. ஆனால் பின்னல் மாறவில்லை. 1934ல் மேட்டூர் அணை வந்து ஆற்றின் போக்கே மாறிய பிறகும் அந்த வட்டக் கூடை பிழைத்துக் கிடக்கிறது. எனவே புறப்படுவதற்கு முதல் நாள் மாலை காவிரிக்குப் போய், ஒரு பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வேன் ஏறவேண்டும் என்பது என் கட்சி.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். கோயில் கல்லால் ஆனது, நின்றுவிட்டது. கப்பல் மரத்தால் ஆனது, மக்கிப்போயிற்று. 1025ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பியதை மெய்க்கீர்த்தி விரிவாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கடற்படையின் கலம் என்று கைவைத்துக் காட்ட நம்மிடம் ஒரு பலகைகூட இல்லை. மிஞ்சியவை துண்டு துணுக்குகளே. வைகை கடலில் சேரும் இடத்துக்கருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் ஒரு வெண்கல மணியைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதில் கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்களாம்! 'முகையதீன் வக்குசு' என்பவருடைய கப்பல் மணி என்று அதில் தமிழில் எழுதியிருக்கிறது. மணி இருக்கிறது, கப்பல் எங்கே?

அப்படியானால் கப்பல் கட்டிய அறிவு எங்கே இருக்கிறது? வரைபடம் இல்லாமல் மேஸ்திரியிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் வந்த கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. பட்டறை மூடினால் அதுவும் போச்சு. அதனால்தான் நான் அவசரப்படுகிறேன்.

நம் கரையில் மரத்தோடு மரத்தைச் சேர்க்க மூன்று வழிகள் இருந்தன: கட்டுவது, தைப்பது, ஆணி அறைவது. கட்டுவதற்குப் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: கட்டுமரம். லேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைப்பார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்து, ஊறிய மரத்தை வெயிலில் காயவைப்பார்கள். அலை மேலே ஏறினால் இடுக்கு வழியே வடிந்துவிடும், மூழ்க வழியே இல்லை. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697ல் வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல்லை எழுதிவைத்தார். பின்னாளில் இரண்டு உடல் கொண்ட படகுக்கு வெள்ளைக்காரர்கள் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர அதிக உறவு கிடையாது.

தைத்த படகு மசூலா. பலகைகளை ஓரத்தில் துளையிட்டுக் கயிற்றால் தைத்தது. ஆணியும் இல்லை, விலா எலும்பு போன்ற உள்சட்டமும் இல்லை. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பலில் வந்த கவர்னரும் சரி, குமாஸ்தாவும் சரி, இந்தப் படகில்தான் கரை சேரவேண்டும். நம் பாதையில் இதைப் பார்க்க முடியாது. தெரிந்தே போவோம்.

மூன்றாவதுதான் நம் பயணத்தின் பெரும்பகுதி. வள்ளம், வத்தை, தோணி, விசைப்படகு எல்லாம் ஆணி அறைந்தவை. ஏரா என்ற அடிக்கட்டையைப் போட்டு, அதன் மேல் வங்குகளை நிறுத்தி, பலகை அடித்து, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைப்பார்கள். இதைக் கலப்பத்து என்பார்கள். வங்குக்கு மரத்தை வளைப்பதில்லை, இயற்கையிலேயே வளைந்த கிளையைத் தேடிப் பிடிப்பார்கள். வேம்பு, வாகை, கருவேலம் என்று நம் வரப்பில் நிற்கும் மரங்களும் படகாகியிருக்கின்றன. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் நண்பர்கள் சிலர் நம்மோடு படித்தவர்கள். அவர்கள் பார்த்தால் நான் பார்ப்பதைவிட நாலு விஷயம் கூடுதலாகப் புரியும். அவர்கள் கட்டாயம் வரவேண்டும்.

அதிராம்பட்டினம் முதல் தொண்டி வரையுள்ள பாக் நீரிணைக் கரையில் ஓடிய பாய்மரப் படகுகளில் ஒரு விசேஷம் உண்டு. குறுக்கே ஒரு நீண்ட பலகையை நீட்டி, காற்று சாய்க்கும்போது ஆட்கள் அதன் நுனியில் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்வார்கள். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920ல் வெளியிட்ட ஆய்வில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி கரை கரையாக நடந்து குறித்து வைத்தார். நாம் வேனில் போகக்கூட யோசிக்கிறோம்!

2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினத்தை எப்படிச் சூறையாடியது என்று சொல்லத் தேவையில்லை. போன உயிர்களுக்கு முன்னால் படகைப் பற்றிப் பேசுவதே கூசுகிறது. ஆனால் வரலாற்றில் அதுவும் உண்டு. உடைந்த கட்டுமரங்களுக்குப் பதிலாக நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அதைக் குறை சொல்ல நான் யார்? வேகமாகப் போகும், பராமரிப்பு குறைவு, மரம் விற்கிற விலையில் மீனவர் வேறு என்ன செய்வார்? இருபது வருஷத்தில் ஒரு தொழில் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது தேதிக்கு வருவோம். செயற்குழுவில் பலரும் ஜனவரியில் போகலாம் என்கிறார்கள், வெயில் இருக்காதாம். நான் மே கடைசி வாரம் என்கிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017லிருந்து 61 நாள். "அப்ப போனா கடல்ல ஒண்ணுமே இருக்காதுங்களே" என்றார் ஒருவர். அதுதான் நமக்கு வேண்டியது! அப்போதுதான் படகுகள் கரையேறி நிற்கும். பலகை மாற்றுவார்கள், கலப்பத்து அடிப்பார்கள், பெயிண்ட் பூசுவார்கள். தண்ணீரில் மிதக்கும் படகில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும்.

தூத்துக்குடித் தோணிக்கும் இதே கணக்கு பொருந்தும். தென்மேற்குக் காற்று ஓங்கும் மாதங்களில் தோணிகள் ஓடாமல் நின்று பழுது பார்க்கப்படும். தூத்துக்குடி என்றதும் நமக்கு வ.உ.சி. 1906ல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனிதான் நினைவுக்கு வரும். அந்தப் புகைக்கப்பல்கள் வருவதற்கு முன்பும், போன பின்பும், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயத்தையும் கட்டுமானச் சாமான்களையும் சுமந்தவை இந்த மரத்தோணிகள். 1980கள் வரை பாய்விரித்துப் போனவை, பிறகு இஞ்சினுக்கு மாறின. இரண்டு இரவாவது அங்கே தங்கவேண்டும் என்று குறித்திருக்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை நம் சாலையில் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விடமுடியவில்லை. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவி பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் மேஸ்திரிகள் கட்டிய கப்பல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாதை இதுதான்: சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம், ஏறக்குறைய 280 கிலோமீட்டர். அங்கிருந்து வேதாரண்யம், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, ராமநாதபுரம், கீழக்கரை, தூத்துக்குடி. இது சுமார் 350. மல்லிப்பட்டினத்தருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோராவில் மதியச் சாப்பாடு. ராமேஸ்வரத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் வீட்டில் யாரும் விடமாட்டார்கள். திரும்புவது மதுரை, திண்டுக்கல், கரூர் வழி.

வருகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கேட்காமல் யார் படகிலும் ஏறக்கூடாது, ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவேண்டும். இப்போது படிக்கும் வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டும் டேப்பும் கொண்டுவாருங்கள். ஏரா நீளம், வங்கு எத்தனை, என்ன மரம், மேஸ்திரி யாரிடம் தொழில் கற்றார் என்று ஒவ்வொரு பட்டறையிலும் எழுதி வாங்கவேண்டும். வேனில் இருபது இடம். ஆறு பேர் பெயர் கொடுத்தாயிற்று, கடலில் என்ன வேலை என்று கேட்ட நண்பர் உட்பட!