30 என்னும் எல்லை: அறுவையற்ற உடல் வடிவமைப்பும் இந்திய உடலும்

கத்தி படாமல் இடுப்புச் சதையையும் தொப்பையையும் குறைப்பதாகச் சொல்லும் முறைகளுள் அதிகம் ஆராயப்பட்டது கொழுப்பை உறைவித்து அழிக்கும் கிரையோலிபாலிசிஸ். எடை கூடியவருக்கு இது ஏற்றதா என்ற கேள்விக்குச் சிகிச்சையகங்கள் வழக்கமாக ஓர் எண்ணை விடையாகத் தருகின்றன. உடல் நிறைக் குறியெண் (பி.எம்.ஐ.) 30-க்குள் இருந்தால் செய்யலாம், தாண்டினால் வேண்டாம் என்பதே அது. இந்த எண் சிகிச்சைக்கான தகுதியை அளக்கவில்லை. இந்திய உடல்களில் அது இரு திசையிலும் பிழைபடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முறையின் பிறப்பே சுவையானது. குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு மட்டும் அழற்சியுற்று, மேலிருந்த தோல் பெரிய சேதமின்றித் தப்பியதை 1970-இல் ஒரு மருத்துவக் குறிப்பு பதிவு செய்தது. குளிரைத் தோலைவிடக் கொழுப்பணு குறைவாகவே தாங்கும் என்ற அந்தக் கருத்தை ஹார்வர்டைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டீன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் பன்றிகளில் சோதித்து 2008-இல் வெளியிட்டனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-இல் இடுப்புப் பக்கவாட்டுக்கும் 2012-இல் வயிற்றுக்கும் கருவியை அனுமதித்தது. உறிஞ்சும் கிண்ணம் ஒன்று தோல் மடிப்பை உள்ளிழுத்துக் குளிர்விக்கிறது. சேதமுற்ற அணுக்கள் மெல்ல மடிய, இரண்டு மூன்று மாதங்களில் உடலே அவற்றை அகற்றிவிடுகிறது. அந்த இடத்துக் கொழுப்பு அடுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு மெலிகிறது. இவ்வளவும் நம்பத்தக்க அறிவியல்தான். சிக்கல் அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 200 சதுர செ.மீ. பரப்பில் 3 செ.மீ. தடித்த கொழுப்பு என்றால் 600 கன செ.மீ.; அதில் கால்பங்கு 150 கன செ.மீ.; எடையில் சுமார் 135 கிராம். 74 கிலோ எடையுள்ளவரின் உடலில் இது 0.2 விழுக்காடுகூட இல்லை. எடைபார்க்கும் கருவியின் முள் அசையாது. ஆனால் சேலைக் கட்டிலோ சட்டைப் பொத்தானிலோ வேறுபாடு தெரியக்கூடும். இது எடையைப் பற்றிய சிகிச்சை அன்று, விளிம்புக்கோட்டைப் பற்றிய சிகிச்சை. உற்பத்தியாளர்களும் இதை எடைக் குறைப்பு என்று கூறுவதில்லை. அந்த எச்சரிக்கை விளம்பரத்தில் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடுகிறது, அவ்வளவே.

30 என்ற வரம்பையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். கால்பங்கு மெலிவு 3 செ.மீ. அடுக்கில் கண்ணுக்குப் படும். 7 செ.மீ. அடுக்கில் அதிகக் கொழுப்பு போனாலும் மீதமுள்ள 5 செ.மீ. சொச்சத்தில் அந்த மாற்றம் அமுங்கிப் போகும். வயிறு, இடுப்பு, தொடை, கை ஆகியவற்றுக்கு 30 என்று வரம்பிட்ட அதே அமெரிக்க நிர்வாகம், தாடையடிக் கொழுப்புக்கு 46.2 வரை அனுமதிக்கிறது. ஒரே உடல், ஒரே குளிர், இரண்டு வரம்புகள்! பாதுகாப்பு பற்றிய உடலியல் எல்லை எதுவும் தசமப் புள்ளியோடு 46.2-இல் வந்து நிற்காது. சோதிக்கப்பட்டவர்களின் வரம்பு அப்படி நிற்கக்கூடும். ஆகவே இவ்வெண்கள் விளைவு எவரிடம் காட்டப்பட்டது என்பதைச் சொல்கின்றனவே தவிர, எவருக்கு இது தேவை, எவருக்கு நல்லது என்பதைச் சொல்லவில்லை எனக் கொள்வதே பொருத்தம்.

இந்த எண்ணை இந்தியாவுக்கு அப்படியே கொண்டுவரும்போது நிலைமை இன்னும் கோணலாகிறது. உலக அளவில் 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். 2009-இல் வெளியான இந்திய மருத்துவர்களின் ஒருமித்த பரிந்துரையோ 23-ஐயும் 25-ஐயும் வைத்தது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. என்றது. 160 செ.மீ. உயரமும் 74 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியெண் 29. அமெரிக்கக் குறிப்பின்படி அவர் தகுதியானவர். இங்கே அவர் உடல் பருமன் நோயாளி. பருமனுக்கு மருத்துவம் பெற வேண்டியவர் அழகு சிகிச்சைக்கு ஏற்றவராக வரவேற்கப்படுகிறார்.

குறியெண்ணின் குறையை மிகத் துலக்கமாகக் காட்டியது 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம். புனேயின் யாக்னிக், லண்டனின் யூட்கின் ஆகிய இரு மருத்துவர்களுக்கும் குறியெண் 22.3. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் கணக்கெடுப்பு 2023-இல் இதை நாட்டளவில் உறுதிசெய்தது. பொதுப் பருமன் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் 39.5. எடைக்கணக்கில் பிடிபடாத தொப்பைகள் இந்நாட்டில் ஏராளம் என்பது இதன் பொருள்.

அந்தத் தொப்பை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் உண்மையான தேர்வுக் கேள்வி. தோலடிக் கொழுப்பு விரலிடுக்கில் அகப்படும், மடிப்பாகத் தொங்கும். குடலைச் சூழ்ந்த உள்ளுறுப்புக் கொழுப்பு வயிற்றுத் தசைக்குப் பின்னால் இருப்பது. கிள்ளினால் கையில் வராது, மல்லாந்து படுத்தாலும் வயிறு மேடாகவே நிற்கும். நடுவயது ஆண்களிடம் காணும் கெட்டித் தொப்பை பெரும்பாலும் இவ்வகை. கிண்ணம் உறிஞ்சியிழுக்க அங்கே மடிப்பு இல்லை. குளிரும் தசையைத் தாண்டிப் போகாது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் நெருக்கமான கொழுப்பும் இதுவே.

அறுவையால் தோலடிக் கொழுப்பைப் பெருமளவில் எடுத்தால் உடல்நலம் கூடுமா என்பதை சாமுவேல் கிளைன் குழு 2004-இல் சோதித்தது. பருமனான 15 பெண்களிடமிருந்து சராசரியாக 9, 10 கிலோ கொழுப்பு உறிஞ்சப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்தும் இன்சுலின் செயல்திறனில் முன்னேற்றம் இல்லை. கிலோக்கணக்கில் எடுத்தும் நேராதது 135 கிராமில் நேர்ந்துவிடாது.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு: வடிவம் சற்று மேம்பட்டால் ஊக்கம் பிறக்கும், எடைக்குறைப்புக்கும் அது வழிதிறக்கும் என்பர். சிலருக்கு அப்படி நடக்கலாம். ஆனால் எடை ஏறுமுகத்தில் இருப்பவரிடம், பிழைத்த கொழுப்பணுக்கள் பெருத்துக்கொண்டே போகும். மூன்றாம் மாதப் படம் காட்டும் இலாபத்தை ஆறு கிலோ கூடுதல் எடை எளிதில் விழுங்கிவிடும். ஊக்கத்துக்காகக் கட்டணம் வாங்குவதானால் அதை ஊக்கத்தின் பெயராலேயே வாங்கட்டும்.

மறுதிசைப் பிழையும் கவனத்துக்குரியது. குறியெண் 31, பல மாதங்களாக நிலையான எடை, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீர், இடுப்போரம் தெளிவாகப் பிடிபடும் ஒற்றை மடிப்பு: இவரை எண்ணைக் காட்டித் திருப்பியனுப்ப மருத்துவக் காரணம் வலுவாக இல்லை. அனுமதி வரம்புக்கு வெளியே செய்வதைத் தெளிவாகச் சொல்லி, எதிர்பார்ப்பைச் சுருக்கி, செய்யலாம். எடை கூடியிருப்பது மட்டுமே தடையாகாது.

உண்மையான தடைகள் வேறு. கிரையோகுளோபுலினீமியா போன்ற, குளிரால் தூண்டப்படும் இரத்தக் கோளாறுகள் இருந்தால் கூடவே கூடாது. அவ்விடத்தில் குடலிறக்கம் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். உறைவித்த இடத்தில் கொழுப்பு குறைவதற்கு மாறாகக் கெட்டியாக வளர்ந்துவிடும் முரண் விளைவும் உண்டு. 2014-இல் முதலில் விவரிக்கப்பட்டபோது இருபதாயிரத்தில் ஒன்று என மதிப்பிடப்பட்ட இது, பிந்தைய கணக்குகளில் பல மடங்கு அதிகமாகத் தெரிகிறது. மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021-இல் தன் அனுபவத்தை வெளிப்படையாகச் சொன்னபின்னரே பொதுமக்கள் இதைக் கேள்விப்பட்டனர். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் அறுவைதான் வழி. கத்திக்கு அஞ்சி வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

2025-இல் டிர்செபடைட் மருந்தும் எடைக்குறைப்புக்கான செமாகுளுடைட் மருந்தும் இந்தியச் சந்தைக்கு வந்தபின் எடைக்குறைப்பு முதலா உறைவித்தல் முதலா என்ற வரிசைமுறைக் கேள்வி கூர்மையாகியிருக்கிறது. செமாகுளுடைடின் 68 வார ஆய்வில் சராசரி எடை இழப்பு 14.9 விழுக்காடு, 74 கிலோவில் அது 11 கிலோ. மருந்தாலோ உணவாலோ எடை இறங்கும் நிலையில் இருப்பவருக்கு மடிப்புகள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும். அப்போது உறைவித்தால் எதனால் எது குறைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எடை ஓரிடத்தில் நின்றபின் பார்க்கும்போது மிஞ்சியிருப்பது கொழுப்பு மடிப்பாக இருந்தால் இம்முறைக்கு இடமுண்டு; தொய்ந்த தோலாக இருந்தால் அதற்கு உரியது வயிற்றுத்தோல் அறுவை. ஒப்புதல் படிவத்தில் குறியெண்ணுக்கு அருகே இடுப்புச் சுற்றளவு, மடிப்பின் தடிமன், கடந்த ஆறு மாத எடை ஆகிய மூன்றும் எழுதப்பட்டால் இந்தப் பிரிப்பைச் செய்துவிடலாம். ஓர் அளவுநாடாவும் மடிப்புமானியும் போதும். உறைவிக்கும் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அவை செலவே அல்ல.