எந்த வீட்டுக் கோப்பு?

பழைய செட்டிநாட்டு வீடுகளை அளந்து வரைபடமாக்குவதுதான் கண்டரமாணிக்கத்தில் என் பிழைப்பு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு, ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக இருக்கும் வீடு ஒரே கோப்பில் அடங்காது. கீழ்த்தளம், மாடி, குறுக்குவெட்டு, கதவு ஜன்னல் அட்டவணை எல்லாம் தனித்தனி.

டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் வரைந்த தலைமுறைக்கு எந்தப் படத்தில் கை வைக்கிறோம் என்ற சந்தேகமே கிடையாது. பலகையில் ஒட்டியிருந்தது ஒரே தாள். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்த பிறகும் அதே கதைதான். 1986-இல் அதில் ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி சேர்ந்தது. நிரல் எழுதி வேலை வாங்க முடிந்தது. ஆனால் 1997-இல் வந்த ரிலீஸ் 14 வரை ஒரு நேரத்தில் ஒரே படம்தான் திறக்கும். நிரலுக்கு வழிதவற இடமில்லை.

1999-இல் ஆட்டோகேட் 2000 பல படங்களை ஒன்றாகத் திறக்க விட்டது. தொல்லையும் அன்றே ஆரம்பம். ஆட்டோகேடுக்கு மேக்ரோ என்ற குறுநிரல் எழுதும் விபிஏ மொழியில், படத்தைச் சுட்ட எல்லோரும் எழுதுவது ‘திஸ்டிராயிங்’, அதாவது ‘இந்தப் படம்’. மேக்ரோ ஒரு படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால் அது அந்தப் படத்தைக் குறிக்கும். தனி டிவிபி கோப்பில் இருந்தாலோ, அந்த நொடியில் முன்னால் நிற்கும் படத்தைக் குறிக்கும். மாடிப் படத்தில் ஜன்னல்களுக்கு எண் போடும் மேக்ரோ, அளவு பார்க்க அட்டவணைக் கோப்பைத் திறக்கிறது என்று வையுங்கள். திறந்த கோப்பே முன்னால் வந்துவிடும். அடுத்த வரியில் ‘திஸ்டிராயிங்’ என்றால் எண்கள் அட்டவணைக் கோப்பில் போய் விழும். பிழைச் செய்தி ஏதும் வராது. பிரிண்ட் எடுக்கும்போதுதான் தெரியும்.

பயந்த அலுவலகங்களுக்கு எஸ்டிஐ என்ற மாறி இருந்தது. அதை 1 ஆக்கினால் பழையபடி ஒரே படம். கட்டுப்பெட்டித்தனம் என்பார்கள்; அவசர வேலையில் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. முறையான வழி வேறு: மேக்ரோ தொடங்கியதுமே மாடிப் படத்தை ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு, கடைசி வரை அந்த மாறியிடம் மட்டுமே பேச வேண்டும்.

பின்னால் வந்த டாட்நெட் நிரல் இதில் கொஞ்சம் கறார். பேலட் என்ற மிதக்கும் கருவிப் பலகையிலிருந்து ஒரு படத்தை மாற்றப் போனால் முதலில் அதைப் பூட்டச் சொல்லும். பூட்டாமல் கோடு போட்டால் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கெடுபிடியை 1999-லேயே வைத்திருக்கலாம்.