தானமும் தானியும்

பாடசாலையில் இலக்கணம் கற்றோர் 'தானியாகுபெயர்' என்னும் தொடரை அறிவர். ஆயினும் அதன் முற்பகுதியாகிய 'தானி' யாதென வினவினால் பலர் தயங்குவதைக் காண்கின்றோம். தானம் என்பது இடம்; அவ்விடத்தில் அடங்கி இருப்பது தானி. குடம் தானமாயின், அதனுள் நிற்கும் நீர் தானி. வடமொழி வழி வந்த இச்சொல்லுக்கும் 'தானியம்' என்பதற்கும் தொடர்பில்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆகுபெயர் வகைகளைக் கூறுமிடத்துத் தானியையும் சேர்த்துள்ளது. உரைகளில் வழங்கும் எடுத்துக்காட்டு 'விளக்கு முறிந்தது' என்பதாகும். முறிந்தது சுடரன்று, சுடரைத் தாங்கிய தண்டு. அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்று வீட்டில் சொன்னால் எவரும் பாலுக்குள் கையிடுவதில்லை. பாத்திரத்தையே பிடித்து இறக்குகின்றனர். உள்ளிருப்பதன் பெயர் கலத்துக்கு ஆகி வந்துள்ளது.

இதன் மறுதலையும் நம்மிடம் உண்டு. 'உலையில் இரண்டு சுண்டு போடு' என்றால் போடப்படுவது அரிசி. சுண்டு அளக்கும் பேணி மாத்திரமே. கொத்து, போத்தல் என்பனவும் அத்தகையனவே. இவை முகத்தலளவை ஆகுபெயர். பெயர் எதிலிருந்து எதற்குச் செல்கின்றது என்பதை நோக்காமல் இரண்டையும் ஒன்றாக எழுதி மாணவர் புள்ளிகளை இழப்பதுண்டு.

வகுப்பறைக்கு வெளியிலும் இவ்வேறுபாட்டுக்கு வேலை இருக்கின்றது. 'காஸ் முடிந்துவிட்டது' என்னும்போது நாம் தானியைச் சொல்கின்றோம். 'காஸைத் தூக்கி வை' என்னும்போது சிலிண்டரைச் சொல்கின்றோம். ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குவதால் கலத்தைக் கண்டே உள்ளிருப்பதை மதித்துவிடுகின்றோம். 2021இல் இலங்கைச் சந்தையில், பழகிப்போன 12.5 கிலோகிராம் சிலிண்டரின் பக்கத்தில் 18 லீற்றர் என்று குறிக்கப்பட்ட ஒன்று வந்தபோது எழுந்த குழப்பத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். எண் கூடியிருந்தது, உள்ளே இருந்த எரிவாயுவோ ஏறத்தாழ 9.18 கிலோகிராம். லீற்றர் என்பது ஒரு பொருள் பிடிக்கும் இடத்தை அளப்பது. அப்பொருளின் நிறையை அது கூறாது.

பொதிகளின் மேல் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் 'தேறிய நிறை' என்பதை விலைக்கு முன்னரே வாசிக்க வேண்டும் என்போம். கலத்தின் நிறை நீங்கலாக உள்ள தானியின் நிறையே அது.