குவைத்தின் பழைய கடலோடிகளும் படங்களில் விழாத கடனும்

குவைத்தில் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் ஊர்களில் அரிது. எண்ணெய்ப் பணம் வருமுன் அந்நகர் எப்படி இருந்தது என்பதை அறிய ஆலன் வில்லியர்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நமக்குப் பெரிதும் உதவுகின்றன. ஆஸ்திரேலியக் கடலோடியான அவர், 1938-ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் 'பயான்' என்னும் குவைத் பாய்மரக்கப்பலில் ஏறினார். அதன் நகுதா அலீ அந்நஜ்தீ. (நகுதா என்ற சொல் நம் மரைக்காயர் குடும்பங்களுக்குப் புதிதன்று.) ஸன்ஸிபார் வரை சென்ற அக்கப்பல், ருஃபிஜி ஆற்று முகத்துவாரத்தில் வீட்டுக்கூரைக்கான கண்டல் மரக்கழிகளை ஏற்றிக்கொண்டு, 1939-இல் ஊர் திரும்பியது. பின்னர் அவர் முத்துக்குளிக்கும் படகுகளிலும் சென்றார். அப்படங்கள் இன்று லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

படம் எடுப்பது கூடுமா என்ற ஃபிக்ஹு விவாதத்துக்குள் நாம் இங்கே செல்லவில்லை. பாய் இழுப்போர், தளத்தில் தொழுவோர், மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு கடலில் இறங்குவோர் ஆகியோரைக் காணும்போது உள்ளம் நெகிழ்கிறது. ஆயினும் அவர்கள் தோளில் இருந்த கடன் படத்தில் விழவில்லை. அதை வில்லியர்ஸ் 1940-இல் வெளியிட்ட நூலில்தான் அறிகிறோம்.

முத்துக்குளிப்பவர், பருவம் தொடங்குமுன் வீட்டுச் செலவுக்காக நகுதாவிடம் முன்பணம் பெறுவார். கோடையின் நான்கு மாதங்கள் முடிந்து பங்கு பிரிக்கும்போது, பங்கு முன்பணத்துக்குக் குறைந்தால் மீதி அடுத்த ஆண்டின் கடனாகும். நகுதாவும் வணிகருக்குக் கடன்பட்டவரே. 1920-களிலிருந்து ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் விலையைச் சரித்தபோது இக்கடன்கள் அடைபடாமலே நின்றன. தந்தை இறந்தால் மகன் அதே கடனுக்காகக் கடலில் இறங்கும் வழக்கமும் வளைகுடாவில் இருந்தது.

இவ்வழக்கத்தை மார்க்கத்தின் பெயரால் எவரும் நியாயப்படுத்த இயலாது. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைக்கப்பட வேண்டும். சொத்து போதாவிடில் வாரிசு தன் உழைப்பால் அடைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு 2:280 வசனம் பணிக்கிறது. கடனை எழுதிக்கொள்ளுமாறு 2:282 வசனம் பணிக்கிறது. அங்கேயும் எழுதினார்கள், ஆனால் ஏடு நகுதாவிடம் இருந்தது, குளிப்பவருக்கோ பெரும்பாலும் எழுத்தறிவில்லை. 1920-களில் பஹ்ரைனில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்று விதித்தது இதனால்தான். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள் என்பதே நம்மை அதிகம் உறுத்துகிறது.

1946-இல் குவைத்தின் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. மாதச் சம்பளம் வந்ததும் கடலோடிகள் கரையேறினர். வில்லியர்ஸ் கண்ட களிமண் மதிலும் 1957-இல் இடிக்கப்பட்டது. வாயில்கள் மட்டும் எஞ்சியுள்ளன. விசாவுக்காகக் கடன் வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகள் இன்று சென்று இறங்குவது அதே நகரில்தான். எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு அடைத்தார்கள் என்ற கணக்கு யார் கையில் இருக்கிறது என்று அடுத்த முறை தொலைபேசியில் அவர்களிடம் கேட்போம்.